கமரா நின்ற இடம்

தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று நிறுத்தப்பட்ட செய்தி சரித்திரப் பேச்சுக்குரிய பொருளாகுமா என்று நேயர்கள் ஐயுறக்கூடும். சாதாரண நிகழ்ச்சியாயின் ஆகாதுதான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே முப்பத்தோர் ஆண்டுகள் ஓடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டு, 2020 ஆம் ஆண்டு யூன் மாதம் 9 ஆம் திகதி சடுதியாக நிறுத்தப்பட்ட ‘கொப்ஸ்’ என்னும் நிகழ்ச்சியின் கதை, ஒரு தேசம் தன் பொலிசாரை யாருடைய கண்கொண்டு பார்த்தது என்பதன் கதையுமாகும். ‘கொப்ஸ்’ என்பது அந்நாட்டார் பேச்சு வழக்கிலே பொலிஸ்காரரைக் குறிக்கும் சொல்.

எழுதிய கதையும் நடிகரும் இன்றி, நடப்பதை நடந்தபடியே காட்டுவதாகக் கூறும் நிகழ்ச்சிகளை இக்காலத்தில் ‘ரியாலிட்டி’ நிகழ்ச்சிகள் என்பர். அவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று இது. ஜோன் லாங்லி, மல்கம் பார்பர் என்னும் இருவர் இதனைத் தோற்றுவித்தனர். பல நிலையத்தார் ஏற்காத யோசனைக்குக் காலம் துணைசெய்தது. 1988 ஆம் ஆண்டு மார்ச் முதல் ஓகஸ்ட் வரை ஐந்து மாதங்கள் அந்நாட்டுத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்தாளரும் வேண்டாம், நடிகரும் வேண்டாம், செலவும் குறைவு என்றால் எந்த நிலையந்தான் கதவடைக்கும்? அப்பொழுது புதிதாய் முளைத்திருந்த பொக்ஸ் நிறுவனம் இதனை ஏற்று, 1989 மார்ச் 11 ஆம் திகதி ஒளிபரப்பத் தொடங்கியது. முதற் படப்பிடிப்பு புளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் மாவட்டத்தில் நடைபெற்றது.

அமைப்பு மிக எளிது. விளக்கம் கூறும் குரல் இல்லை. ஜமெய்க்கா நாட்டு இசைக்குழுவொன்றின் பாட்டோடு நிகழ்ச்சி தொடங்கும். அதன்பின் பொலிஸ் வாகனம் ஓடும், கள்வன் ஓடுவான், அவனைத் துரத்திக் கமராவும் ஓடும். ஈற்றில் விலங்கு பூட்டப்படும். கமரா பொலிஸ்காரரின் தோளுக்குப் பின்னால் நின்றமையால், பார்ப்பவரும் அத்தோளுக்குப் பின்னாலேயே நின்றனர். பிடிபட்டவன் பின்னர் நீதிமன்றில் விடுதலையானானா என்பதைக் கமரா சென்று பார்க்கவில்லை.

அதனிலும் முக்கியமானது, ஒளிபரப்புக்கு முன்னர் பதிவைப் பார்வையிடும் உரிமை அந்தந்தப் பொலிஸ் திணைக்களத்திற்கு இருந்தமை. பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தது போன்ற ஏற்பாடு! கைதானவரின் முகத்தை மறையாது காட்டுவதற்கு அவருடைய கையொப்பம் பெறப்பட்டது என்பது உண்மையே. ஆனால் விலங்கு பூண்ட கையால் இடப்படும் ஒப்பத்தை மனமுவந்த சம்மதம் என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. 2019 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு ஒலித்தொடர் அத்தகையோர் சிலரைத் தேடிக் கண்டு வினவியபோது, மதிமயங்கிய நிலையில் ஒப்பமிட்டதாகவும் வற்புறுத்தலுக்கு இணங்கியதாகவும் அவர்கள் கூறினர்.

பொலிசாரோடு கமரா செல்வதற்கு எல்லை உண்டு என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. அவ்வழக்கு இந்நிகழ்ச்சி பற்றியதன்று. 1992 இல் மேரிலாண்ட் மாநிலத்திலே ஒருவனைத் தேடி அதிகாலையில் அவன் பெற்றோரின் வீட்டினுள் புகுந்த அதிகாரிகள், பத்திரிகைக்காரரையும் புகைப்படக்காரரையும் உடன் அழைத்துச் சென்றனர். தேடப்பட்டவன் அங்கில்லை. உள்ளாடையோடு எழுந்துவந்த தந்தையைத் தரையிற் கிடத்தினர், படப்பெட்டி இயங்கியது. அது அரசியலமைப்பின் நான்காந் திருத்தத்திற்கு முரணானது என 1999 இல் நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்த்தனர்.

இதற்கிடையே வேறொரு கமராவும் பிறந்துவிட்டது. 1991 மார்ச்சில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைப் பொலிசார் அடித்த காட்சியை அயலிலிருந்த ஒருவர் தம் வீட்டு மாடத்தில் நின்று பதிவுசெய்தார். மறு ஆண்டு அவ்வதிகாரிகள் விடுவிக்கப்பட்டபோது மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனினும் ‘கொப்ஸ்’ நிற்கவில்லை. 2013 இல் குடியுரிமை இயக்கமொன்று அதனைக் கைவிடுமாறு கோரியது; அவ்வாண்டே அது பொக்ஸை விட்டு நீங்கி, பிற்காலத்தில் பரமவுண்ட் எனப் பெயர் மாறிய ஸ்பைக் அலைவரிசைக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஒமாஹா நகரில் கொள்ளையொன்றைத் தடுக்கப் பொலிசார் சுட்டபோது, உடன்சென்ற ஒலிப்பதிவாளரே அவர்களின் குண்டுக்கு இரையானார். அப்பொழுதும் நிற்கவில்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் இறந்தார். மருத்துவக் கோளாறினால் ஒருவர் இறந்தார் என்பதே பொலிசார் முதலில் விடுத்த அறிக்கையின் சாரம். நடைபாதையில் நின்ற பதினேழு வயது மாணவி தன் கைத்தொலைபேசியில் எடுத்த படமோ, ஒன்பது நிமிடங்களுக்கு மேலாக அதிகாரியின் முழங்கால் அவர் கழுத்தில் அழுந்தியதைக் காட்டியது. நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். முப்பத்து மூன்றாவது பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, ‘கொப்ஸ்’ இனித் தமது அலைவரிசையில் இல்லையென பரமவுண்ட் இரண்டொரு வரியில் அறிவித்தது. அம்மாணவிக்கு மறு ஆண்டு புலிட்சர் குழுவின் சிறப்புப் பாராட்டுக் கிடைத்தது.

மறுநாள் ‘லைவ் பி.டி.’ என்ற ஒத்த நிகழ்ச்சியும் நின்றது. அதன் குழுவினர் 2019 இல் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒரு துரத்தலைப் படமெடுத்தனர். வாகனத்தின் முன்விளக்கைத் தாழ்த்தாமையால் தொடங்கிய அத்துரத்தலின் முடிவில், மின்னதிர்வுக் கருவியாற் தாக்கப்பட்டவர் உயிர்நீத்தார். அப்படம் ஒளிபரப்பாகவில்லை, பின்னர் அழிக்கப்பட்டும் விட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளோடு பொலிசார் ஒப்பந்தஞ் செய்வதைத் தடுக்கும் சட்டம், இறந்தவரின் பெயராலேயே 2021 இல் அங்கு நிறைவேறியது.

லாங்லி 2021 யூனில் காலமானார். மூன்று மாதங்கள் கழித்து, ஒக்டோபர் முதலாந் திகதி, பொக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இணையச் சேவையொன்று ‘கொப்ஸ்’ நிகழ்ச்சியை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை சந்தா செலுத்தியவர்க்கே காட்சி. பொலிசார், தீயணைப்புப் படையினர் முதலியோருக்கு ஓராண்டுச் சந்தா இலவசமாக வழங்கப்பட்டது.