கடலடியின் லாக் ஃபைல்

கடல்நடு மலைத்தொடரின் பிளவில் மேலேறும் எரிமலைக் குழம்பு உறையும்போது, அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பதித்துக்கொள்கிறது. பிறகு இருபுறமும் விலகிப் போகிறது. திசை தலைகீழாகும்போதெல்லாம் ஒரு புதுப் பட்டை. கடைசியாகப் புரண்டது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்.

சரி, வயசு எப்படித் தெரியும்? நிலத்து எரிமலைப் பாறைகளைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்து, திசை புரண்ட காலங்களைக் கணித்தார்கள். அந்த வரிசையைப் பட்டைகளோடு பொருத்தினால் கடல்தரையின் வயசு வந்துவிடும். என்னை மாதிரி மென்பொருள்காரனுக்கு இது லாக் ஃபைல் வாசிப்பதுதான்.

1963இல் கனடாவின் லாரன்ஸ் மோர்லி பட்டைகளுக்கு இந்த விளக்கத்தை எழுதி அனுப்பினார். 'நேச்சர்' உட்பட இரண்டு ஆய்விதழ்கள் மறுத்தன. விருந்தில் பேசத்தான் லாயக்கு என்றார் ஒரு மதிப்பீட்டாளர். அதே ஆண்டு செப்டம்பரில் வைன், மேத்யூஸ் இருவரும், இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர்த் தரவுகளோடு, அதே கருத்தை 'நேச்சரில்' வெளியிட்டார்கள். இன்று அந்தக் கருதுகோளின் பெயரில் மோர்லியும் உண்டு, மூன்றாவதாக.