சண்டை முடிஞ்சது, பில் முடியலை

"சண்டை 2009 இல முடிஞ்சுது. ஆமிக்குப் போற காசு மட்டும் ஏன் குறையேல்லை?"

இங்கே ஸ்கார்பரோவில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது, ஆறு வருஷம் நான் குடியிருந்த பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன். என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு.

1799 மே மாதம் திப்பு இறந்ததோடு மைசூர்ப் போர்கள் முடிந்தன. பில் அப்போதான் ஆரம்பம் :-) அதே வருஷம் போட்ட ஒப்பந்தப்படி, மைசூரைக் 'காப்பாற்றும்' கம்பெனிப் படைக்கு வருஷா வருஷம் ஏழு லட்சம் வராகன், அதாவது 24.5 லட்சம் ரூபாய், மைசூர் கட்டணும். 1809 வாக்கில் அந்தப் படை பெங்களூருக்கு வந்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் தண்டு, அதாங்க கன்டோன்மென்ட். சிப்பாய், சமையல்காரர், கான்டிராக்டர் என்று நம்மாட்கள் மதராஸ் பக்கமிருந்து வந்து குடியேறினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் ரொம்பப் பின்னால் சேர்ந்த பகுதி.

எண்பது வருஷம் ஓடிப்போச்சு. எதிரி யாரும் இல்லை. 1876-78 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்து, மைசூர் கடனில் மூழ்கியிருந்தது. 1881 இல் ராஜ்யத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோது தொகையைக் குறைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீங்க? 35 லட்சமாக ஏற்றினார்கள்! கடன் இருந்ததால் ஏற்றிய பங்கை மட்டும் 1896 வரை தள்ளி வைத்தார்கள். அன்றைக்கு மைசூரின் மொத்த வருமானமே சுமார் ஒரு கோடிதான்.

35 லட்சம் எவ்வளவு பெரிசு? 1911 இல் கண்ணம்பாடி அணைக்கு முதலில் அனுமதித்த தொகை 81 லட்சம். இரண்டரை வருஷக் கப்பத்துக்கும் குறைவு. (நான் தஞ்சாவூர்க்காரன். கண்ணம்பாடிக்கு வக்காலத்து வாங்கினால் ஊரில் சோறு கிடைக்காது. கணக்குக்காகச் சொல்றேன்.) 1927 இல்தான் வைஸ்ராய் இர்வின் பத்தரை லட்சம் தள்ளுபடி அறிவித்தார். கன்டோன்மென்ட் மைசூருக்குத் திரும்பியது 1947 ஜூலையில்.

பணம் கட்டியவனுக்குப் படையைக் குறைக்கும் அதிகாரம் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தண்டின் ரொட்டி, பால், பூட்ஸ் எல்லாமே படைச் சம்பளத்தில் ஓடியவை. படையைக் கலைத்திருந்தால் முதல் அடி அல்சூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத்தான் விழுந்திருக்கும்.

இலங்கையில் முதல் காரணம் பொருந்தாது. இரண்டாவது அப்படியே பொருந்தும். தெற்கத்திக் கிராமங்களில் ஆமிச் சம்பளத்தையும் பென்ஷனையும் நம்பி எத்தனையோ வீடுகள். 2009 க்குப் பிறகு பாதுகாப்பு ஒதுக்கீடு ஏறத்தான் செய்தது. ராணுவப் பணம் சிவில் வேலைக்கு வருவதற்குப் பதில், 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையே பாதுகாப்பு அமைச்சுக்குள் போனது! 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற பிறகு, 2023 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது: 2024 க்குள் 1,35,000 பேர், 2030 க்குள் ஒரு லட்சம்.

அப்படி மிச்சமாகும் காசில் கடன்காரனுக்கு எவ்வளவு, வீடு திரும்பும் சிப்பாய்க்கு எவ்வளவு, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு? நண்பரும் நானும் இனி பட்ஜெட்டில் தேடப்போவது இந்த மூன்று வரிகளைத்தான்.