ஒடியோலையும் கோப்பும்: சுவாமிமலை வார்ப்புத் தொழிலை முன்வைத்துக் கணினி வடிவமைப்பாளர் குறித்து ஒரு வாதம்

கணினி வடிவமைப்புத் தொழிலில் மாற்றம் வரும்போதெல்லாம் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது: புது மென்பொருள் படி. பேஜ்மேக்கர் தெரிந்தவரை இன்டிசைன் படிக்கச் சொன்னார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததோடு சரி. பிளாஷில் அசைபடம் செய்தவர்கள் 2020 டிசம்பர் 31 அன்று, அடோபி ஆதரவை நிறுத்தியதும், கையைப் பிசைந்தார்கள். 2023 மே மாதம் போட்டோஷாப்புக்குள்ளேயே, சொல்லைக் கொடுத்தால் படத்தை இட்டு நிரப்பும் வசதி சோதனைப் பதிப்பாக வந்தது. மருந்தில் தவறில்லை. ஆனால் அடுத்த நோய்க்கு அது கேட்பதில்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்க, தொழில் எங்கே தங்குகிறது என்று பார்க்க, சுவாமிமலைப் பட்டறைகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கும்பகோணத்தை அடுத்த இவ்வூரில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், தம் முன்னோர் தஞ்சைப் பெரிய கோயில் வேலைக்குப் பின் தாராசுரம் வழியாக இங்கு வந்து சேர்ந்தார்கள் என்பார்கள். செவிவழிச் செய்தியானாலும் இங்கேயே தங்கியதற்கான காரணத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்: காவிரி வண்டல். மெழுகு உருவின் மேல் முதல் பூச்சுக்கு இந்த மெல்லிய மண்தான் வேண்டும். இமையின் கோடுவரை அது படிந்துகொள்ளும். 2008-09இல் சுவாமிமலைப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் தில்லி பாரத் மண்டபத்துக்கு 27 அடி உயர நடராசரைச் செய்து கொடுத்தவர்கள் இவ்வூர் ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவர் குழுவினரும்; ஏறத்தாழ 18 டன், ஏழு மாத வேலை.

என் வாதம் பிடித்துக்கொள்வது அந்த 18 டன்னை அல்ல, ஒரு தென்னையோலை நறுக்கை. வேலை தொடங்கும்போது ஸ்தபதி, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையைக் கிழித்து ஈர்க்கு நீக்கி, மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்கிறார். இதுவே ஒடியோலை. சிவன், திருமால் போன்ற தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உயரம் 124 கூறு. தேவியருக்கு மத்திமம்: 120 கூறு. கூறுக்கு அங்குலம் என்று பெயர். கடை அளவுகோலின் அங்குலத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆறடிப் படிமத்தில் ஒரு கூறு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரையடிப் படிமத்தில் 1.2 மில்லிமீட்டர். முகம், மார்பு, தொடை எல்லாம் அந்தக் கூற்றின் கணக்கிலேயே வரும். கைப்பேசிக்கும் பெருந்திரைக்கும் ஒரே பக்கத்தை விகிதத்தால் வளைத்துக் கொடுக்கும் இன்றைய இணைய வடிவமைப்பு வேறென்ன செய்கிறது? ஒரு வேறுபாடு உண்டு. வார்ப்பு முடிந்ததும் மண் கூட்டை உடைத்துவிடுகிறார்கள். ஓலை காய்ந்து குப்பைக்குப் போகிறது. அடுத்த படிமத்துக்கு இன்னொரு ஓலை. அளவு ஆளிடம் இருக்கிறது, பொருளில் இல்லை.

நம் டிசைனர்கள் இதற்கு நேர்மாறாகக் கோப்புகளைச் சேர்த்தார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆயிரக்கணக்கில் அழைப்பிதழும் மலரும் செய்து குறுவட்டில் அடுக்கியவர்களை நான் அறிவேன். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் இன்று சிதறிய ஆங்கில எழுத்துகள்தாம் கிடைக்கும். ஆனால் 'ழ'வின் சுழிக்கும் அடுத்த எழுத்துக்கும் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கண்ணில் கற்றவருக்கு எந்த நட்டமும் இல்லை. ஓலை போனது, அவ்வளவுதான்.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் சோழர் பாணி நடராசரைக் கேட்டுப் பார்த்தேன். திருவாசி, சடை, தீச்சுடர் எல்லாம் கண்ணைப் பறித்தன. வலக்கால் தூக்கியிருந்தது. இறைவன் வலக்கால் தூக்கி ஆடுவது மதுரை வெள்ளியம்பலத்தில். மற்ற இடங்களில் பெரும்பாலும் தூக்கிய திருவடி இடது. தெரிந்தவர் ஒரு நொடியில் பிடிப்பார். தெரியாதவர் அச்சுக்கு அனுப்பிவிடுவார். கும்பாபிஷேகப் பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு தவறு தெரியவரும். நாளைக்கு இயந்திரம் காலைத் திருத்திக்கொள்ளும், மறுக்கவில்லை. அது திருத்திக்கொண்டதா என்று சொல்லவும் ஒருவர் வேண்டுமே.

இன்னொன்று, மெழுகின் எடை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பிடித்த உருவை மண் பூசும் முன் நிறுத்துப் பார்ப்பார்கள். உட்குழிவில்லாத கனவார்ப்பில் அதைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் உருக்கவேண்டும். குறைந்தால் படிமம் பின்னமாகும்; பாதியில் நிறுத்தி மறுபடி ஊற்ற முடியாது. மெழுகு பிடிப்பவருக்கு உலைக்கணக்கு தெரியாமல் தீராது. நம் வடிவமைப்பாளரில் பலர் மெழுகோடு நின்றுவிட்டவர்கள். தாளில் மை எப்படிப் பரவும், ஒரு திரையை நிரலாக்க எத்தனை நாள் ஆகும், ஒரு சட்டம் வந்தால் எந்த வேலை நிற்கும் என்பது அடுத்த அறைக்காரர் பாடு என்றிருந்தார்கள். சென்னையில் 2019 செப்டம்பரில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபின் வந்த கெடுபிடியில் பல பிளெக்ஸ் கடைகளில் வேலை சுருங்கியது. அது எந்த மென்பொருளாலும் வந்த மாற்றமல்ல.

வழிபாட்டுப் பொருளையும் விளம்பரத்தையும் ஒப்பிடலாமா என்பது நியாயமான மறுப்பு. ஆகமம் மாறாது, வாடிக்கையாளர் ரசனை வாரத்துக்கு வாரம் மாறும். சுவாமிமலையைப் பொற்காலமாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. அரத்தூளும் உலைப்புகையும் அங்கே நிறையவே உண்டு. துருத்தியின் இடத்துக்கு மின்விசைக் காற்றூதி வந்தது, மெருகுக்குச் சுழல்சக்கரம் வந்தது, மெழுகில் பாரபினும் சேர்ந்தது. இவற்றுக்காக யாரும் தனியாகப் பயிற்சி வகுப்பு போனதாகத் தெரியவில்லை. மாறாத அளவு கைவசம் இருந்தவருக்கு மாறும் கருவி பெரிய சேதியாக இல்லை. ஒப்புமை அந்த மட்டுக்குத்தான்.

ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை நமக்குப் பாதகமாகவே திரும்புகிறது. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன் மண் சலிப்பான், மெழுகு உருக்குவான், கம்பி கட்டுவான், அரம் தேய்ப்பான். அந்தச் சில்லறை வேலைகளுக்கு இடையில்தான் கண் பழகுகிறது. திருமேனியின் கண்ணைத் திறக்கும் உளி அவன் கைக்கு வர வருடங்கள் ஆகும். டிசைன் அலுவலகங்களில் அந்தச் சில்லறை வேலைகள் பின்னணி நீக்குதல், அளவு மாற்றுதல், நிறம் சரிசெய்தல். இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டவை இவைதாம். மூத்தவருக்கு மிச்சம், முதலாளிக்கு லாபம், இருபது வயதுக்காரருக்கு ஏணியின் கீழ்ப்படி இல்லை. அவரைப் பார்த்து 'தயாராகு' என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுப் பள்ளி, பின்னர் கல்லூரியாக வளர்ந்தது, சிற்பக் கல்வியைக் குடும்ப வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது. பரம்பரை வாய்க்காதவரும் அங்கே போய்த் தாளமானம் என்னும் அந்த அளவுமுறையைப் படிக்கலாம். வடிவமைப்புக் கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: முதலாண்டில் கணினியை மூடிவைத்து எழுத்து வரைவும் விகிதமும் அச்சக வேலையும். அலுவலகங்கள் செய்யவேண்டியது அதைவிடச் செலவு பிடிக்கும். இயந்திரம் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலையைப் புதியவருக்குக் கொடுத்து, அரைநாள் ஆனாலும் காத்திருந்து, சம்பளமும் கொடுக்கவேண்டும். அந்த அரைநாளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்கர் கேட்பார். சுவாமிமலையில் அது படிமத்தின் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது.