கொங்கு நாட்டில் காலநிலை இடர்க் காப்பீடு

கொங்கு நாட்டில் காலநிலை இடர்க் காப்பீடு என்பது வறட்சி, வெள்ளம், சூறைக்காற்று, பூச்சி, நோய் ஆகியவற்றால் உழவர்கள் அடையும் இழப்பை ஈடுசெய்யும் திட்டங்களைக் குறிக்கும். பருவநிலை மாறிவருவதை முதலில் கணக்குப் பார்த்து எச்சரித்தவர்களில் காப்பீட்டுத் துறையினரும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் ரீ நிறுவனம் 1973லேயே இதைப் பேசியது. கொங்கு நாட்டிலோ, மழை மறைவுப் பகுதியான கோவையில் ஆண்டு மழையே ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். அதிலும் ஒரு பருவம் பொய்த்தால் தோட்டம் காய்ந்துவிடும்.

2016இல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. காரீப் உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ரபிக்கு 1.5, மஞ்சள், வாழை போன்ற வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை உழவர் பிரீமியம் கட்டுகிறார். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இழப்பை அளப்பது பெரும்பாலும் தனித் தோட்டத்தை வைத்தல்ல, வட்டாரத்தின் சராசரி விளைச்சலை வைத்துத்தான். சித்திரைக் காற்றில் ஒருவருடைய வாழை தாரோடு ஒடிந்து சாய்ந்தாலும், சுற்றுவட்டாரச் சராசரி குறையாவிட்டால் அவருக்கு இழப்பீடு இல்லை.

பரந்த அழிவை அளப்பதில் கோவைக்குத் தனிப் பங்கு உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது, கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நெல் விதைக்க முடியாத, பயிர் கருகிய கிராமங்களைக் கண்டறிந்தது. இழப்பீடு வழங்க அந்தத் தரவு கைகொடுத்தது.

தென்னைக்குத் தனித் திட்டம் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனமும் நடத்தும் இதில், 16 முதல் 60 வயது வரையிலான மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய். வாரியம் பாதியும் மாநில அரசு கால்பங்கும் தர, உழவர் கட்டுவது மூன்றரை ரூபாய்.

ஆனால் மரம் பட்டுப்போனாலோ பலனற்றுப்போனாலோதான் பணம் கிடைக்கும். காய்ப்புக் குறைவு கணக்கில் வராது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளின் துயரமோ அந்தக் காய்ப்புக் குறைவுதான். 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஓலையின் சாற்றை உறிஞ்சுகிறது. அதன் கழிவில் படரும் கரும்பூசணம் மட்டையைக் கறுக்கவைக்கிறது. வேர் வாடல் நோய் மரத்தை உடனே கொல்வதில்லை, ஆண்டுக்கணக்கில் மெலியவைக்கிறது. அந்த மரத்தை வெட்டிவிட்டு நெட்டைக் கன்று வைத்தால் பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு வருமானத்துக்கு 1,750 ரூபாய் ஈடாகாது.