ரவையும் மாவும்: ஓர் உலோகத்தின் பல முகங்கள்

தீபாவளி இரவு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில், முருகன் கோயில் குன்றின் படிகளில் நின்று கீழே நோக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் சிறுவன் ஒருவன் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறான். வெண்ணிற ஒளி கண்ணைப் பறிக்கிறது. அவ்வொளியில், அவன் வீட்டு இரும்புக் கதவின்மீது பூசிய வெள்ளிநிற வண்ணம் மின்னுகிறது. உள்ளே அடுப்பின்மேல் அலுமினியக் குண்டானில் நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

மத்தாப்பின் வெள்ளொளி, கதவின் வண்ணம், அடுப்பின் குண்டான் இம்மூன்றிலும் இருப்பது ஒரே உலோகம், அலுமினியம். அப்படியானால் குண்டான் ஏன் மத்தாப்பைப் போல் பற்றி எரிவதில்லை? நீரின்றி அடுப்பில் மறந்து வைத்தால் அது உருகக்கூடும், பொறி கக்குவதில்லையே!

விடை உலோகத்தில் இல்லை. அதன் துகள் அளவில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள அலுமினியக் கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் எடை 2.7 கிராம், மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். பத்து மைக்ரான் துகள்களாக வெட்டினால் துகள்கள் 100 கோடி. மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். எடை கூடவில்லை, காற்றைத் தொடும் பரப்போ ஆயிரம் மடங்காகிவிட்டது. எரிதல் என்பது பரப்பில் நிகழ்வது. பரப்புக் கூடினால் எரியும் வேகமும் கூடும்.

துகளின் அளவு மாறினால் வேறு பண்புகளும் மாறும். ரவையைச் சாய்த்தால் பொலபொலவென்று கொட்டுகிறது. மாவைச் சாய்த்தால் கட்டியாக நின்று, பிறகு பொத்தென்று விழுகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடையைவிட, துகளோடு துகள் ஒட்டும் விசை மேலோங்குவதே காரணம். உலோகத் தூளும் அப்படியே. எனவேதான் தூள் செய்வோர் முதலில் சல்லடையைக் கேட்கின்றனர். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே சல்லடையின் எண். 200 எண் சல்லடையின் கண் சுமார் 75 மைக்ரான். 325 எண்ணின் கண் சுமார் 45 மைக்ரான்.

இந்த உண்மைகளை மனிதன் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. 1827-இல் ஜெர்மானிய வேதியியலார் வோலர் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தபோது, அவருக்குக் கிடைத்தது சாம்பல்நிறத் தூளே. அத்தூளை வைத்துக்கொண்டு உலோகத்தின் இயல்பைச் சரிவர ஆராய முடியவில்லை. 1845-இல் குண்டூசித் தலையளவு மணிகள் கிடைத்த பிறகே அது எவ்வளவு இலேசான உலோகம் என்று அவரால் அளந்து கூற முடிந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு நிகழ்ச்சி. ஹென்றி பெசமர் என்ற இளைஞர், தம் சகோதரியின் ஓவியத் தொகுப்பின் அட்டையில் பொன் எழுத்துகள் எழுத விரும்பி வெண்கலத் தூள் வாங்கினார். அவுன்சு ஒன்றுக்கு 7 ஷில்லிங் விலை! ஜெர்மனியின் நியூரம்பர்க் பகுதியில் கையால் தட்டித் தட்டிச் செய்த தூள் அது. இயந்திரத்தால் செய்தாலென்ன என்று அவர் முயன்றார். தூள் கிடைத்தது, மினுமினுப்பு வரவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வாங்கிய தூளின் துகள்கள் தட்டையான செதில்கள். அவர் செய்தவையோ சுருண்டவை. தட்டைத் துகள்கள் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கண்ணாடியாகின்றன. அளவு மட்டுமன்றி வடிவமும் பண்பை ஆள்கிறது என்ற பாடம் இது. அவ்வழியில் ஈட்டிய பொருளே பின்னர் 1856-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற எஃகு முறைக்குத் துணை நின்றது.

1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் மின்பகுப்பு முறையைக் கண்டபின் அலுமினியம் மலிவாயிற்று. அதன் தூளும் பெருகியது. வாணவேடிக்கையில் அதுவரை காணாத வெள்ளொளி வந்தது.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வந்தது எப்படி? 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அடுத்த தலைமுறைக்குள் பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. பட்டாசுக்கு அலுமினியத் தூள் வேண்டுமே! 1960களில் மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் மெட்டல் பவுடர் கம்பெனி, சுருக்கமாக மெப்கோ, அத்தூளைச் செய்யும் பணியில் இருந்தது. 1984-இல் சிவகாசியில் தோன்றிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரைக் கவனியுங்கள். ஷ்லெங்க் என்பது நியூரம்பர்க்கை அடுத்த பகுதியைச் சேர்ந்த உலோகத் தூள் நிறுவனம். பெசமர் வியந்த அதே வட்டாரத்தின் கைவண்ணம் கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்த கதையை ஒரு கல்லூரியின் பெயர் தாங்கி நிற்கிறது!

தூள் செய்ய இரு வழிகள் உண்டு. உருகிய அலுமினியத்தை வாயுத் தாரையால் சிதறடித்தால், துளிகள் உறைந்து மணிகளாகும். அம்மணிகளை எஃகுக் குண்டுகளுடன் உருளையில் இட்டுச் சுழற்றினால் தட்டைச் செதில்களாகும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சிறிது ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பர். செதில் வண்ணத்துக்கும் பட்டாசுக்கும் ஏற்றது. உருண்டை மணியோ ராக்கெட்டுக்கு உகந்தது. திட எரிபொருளின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அலுமினியத் தூளாக இருக்கலாம். கூழ்போன்ற அக்கலவையை உறையில் வார்க்க வேண்டும். செதில் கலந்தால் கூழ் இறுகிவிடும்.

துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியன்று. அலுமினியத்தின் மேல் ஏறத்தாழ 3 நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடுத் தோல் எப்போதும் உண்டு. மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். பத்து மைக்ரான் மணியின் பருமனில் இத்தோல் ஐந்நூற்றில் ஒரு பங்குகூட வராது. நூறு நானோமீட்டர் துகளிலோ ஆறில் ஒரு பங்கைத் தோலே பிடித்துக்கொள்கிறது. இருபது நானோமீட்டர் துகளில் மூன்றில் இரண்டு பங்கு தோல்தான்! எரிய வேண்டிய உலோகம் எங்கே?

இத்தோல் காவலனும்கூட. காற்றே புகாத உருளையில் அரைத்து, திடீரென்று திறந்தால் தோலற்ற புதுப் பரப்பு பற்றிக்கொள்ளும். ஆகையால் அரைக்கும் வாயுவில் சிறிதளவு ஆக்சிஜனை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

இனி, நாம் மறக்கக் கூடாத பகுதிக்கு வருவோம். நுண்ணிய தூள் காற்றில் மிதந்தால், ஒரு கன மீட்டருக்குச் சில பத்துக் கிராம் இருந்தாலே வெடிக்கக்கூடும். உடையில் எழும் நிலைமின் பொறியே அதற்குப் போதும். நைட்ரேட்டுடன் கலந்த தூளில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். அதைத் தடுக்கவே சிறிது போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். எரியும் அலுமினியத்தின்மேல் நீர் ஊற்றினால் ஹைட்ரஜன் எழுந்து தீயை வளர்க்கும். உலர்ந்த மணலே மருந்து. பருத்தி உடை, தரையுடன் இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குதல், ஓர் அறையில் சிலர் மட்டுமே இருத்தல் போன்ற விதிகளெல்லாம் வெறும் சடங்குகள் அல்ல. துகளின் பரப்பு ஆயிரம் மடங்காகும் கணக்கை அறிந்தவருக்கு அவற்றின் பொருள் உடனே விளங்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பட்டாசு மருந்தைக் கையாளுவோர்க்கு அதன் இயல்பைக் கற்பிப்பது அறிவியலின் கடமையல்லவா?

மீண்டும் குன்றத்தூர்த் தெருவுக்கு வருவோம். சிறுவனின் மத்தாப்பை உற்றுப் பாருங்கள். கம்பியை ஒட்டி எரியும் வெண்மை, நுண்ணிய அலுமினியத் தூள். தொலைவு வரை பறந்து பூவாய் விரிவன, சற்றுப் பருத்த இரும்புத் துகள்கள். பருமன் மிகுந்ததால் அவை எரிந்து முடிய நேரமாகிறது. கம்பி அணைந்ததும் அதை நீர் நிறைந்த வாளியில் போடச் சொல்லுங்கள். போடும் முன், அந்தச் சாம்பல்நிற மருந்தைச் சல்லடையில் சலித்துப் பிசைந்த கைகளையும் ஒரு கணம் அவனுக்கு நினைவூட்டுங்கள்.