ஆடி மங்கினா யார் மெருகேற்றுவது?

பெரிய தொலைநோக்கி ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேட்பது "எவ்வளவு தூரம் தெரியும்?" என்றுதான். வரலாறு படிக்கிற எனக்கு வேற கேள்விதான் முதலில் வருது: அதன் ஆடி மங்கிப்போனா யார் சரி பண்ணுவாங்க?

ஊவாவில் தேயிலை பெக்டரியைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது விசித்திரமான கேள்வி இல்லை. கொழுந்தைக் காய வைக்கிற சிரோக்கோ மெஷின் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் செய்தது. ஆனா ராத்திரியில் அது நின்றுபோனால் ஓடி வருவது தோட்டத்து பிட்டர். அவர் இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

அதே அயர்லாந்தில், டப்ளினில், தோமஸ் கிரப் 1868இல் ஒரு தொலைநோக்கியைச் செய்து முடித்தார். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரத்துக்கு. உள்ளே 48 அங்குல அகலத்தில் ஒரு குழிவாடி. கண்ணாடி இல்லை, உலோகம். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது. கேரளாவின் ஆரன்முளக் கண்ணாடியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுவும் செம்பு, வெள்ளீயக் கலவைதான். அதைச் செய்கிற குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து போனவை என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

உலோக ஆடி காற்றுப்பட்டு மங்கும். மங்கினால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வில்லங்கமே இங்கேதான். ஆடியின் வளைவு ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவுக்குச் சரியாக இருக்கணும். தேய்க்கும்போது மங்கல் மட்டும் போகாது, வளைவும் கெடும். அதாவது ஒவ்வொரு மெருகேற்றலும் ஆடியைப் புதிதாகச் செய்வது மாதிரி.

கப்பல் பயணத்தில் பழுதாகாமல் இருக்க அரக்குப் பூச்சு பூசி அனுப்பினார்கள். மெல்பேர்னில் அதைக் கழற்றியபோது ஆடியின் மேற்பரப்பு கெட்டது. அதில் பழகிய கைகளோ உலகத்தின் மறுபக்கத்தில். ஊரே பெருமையோடு வரவேற்ற கருவி, எதிர்பார்த்த வேலையைச் செய்யவேயில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கண்ணாடியில் மெல்லிசாக வெள்ளி பூசி ஆடி செய்யும் முறை 1850களிலேயே வந்துவிட்டது. அதில் பூச்சு மங்கினால் இரசாயனத்தால் கழுவிவிட்டுப் புதுசாகப் பூசலாம். அடியிலுள்ள வளைவு அப்படியே இருக்கும். ஆனா திட்டத்தை வகுத்த லண்டன் ரோயல் சொசைட்டிக் குழுவினர் தங்களுக்குப் பழகிய உலோகத்தையே தேர்ந்தார்கள். மங்குகிற ஆடியோடு காலம் தள்ள வேண்டியிருந்தது மெல்பேர்ன்காரர்கள்தான்.

1940களில் அதைக் கன்பராவுக்கு அருகிலுள்ள ஸ்ட்ரோம்லோ மலை ஆய்வுகூடம் வாங்கியது. 1950களின் கடைசியில் உலோக ஆடிக்குப் பதிலாக 50 அங்குலக் கண்ணாடி ஆடி ஏறியது. வயசான உடம்புக்குப் புதுக் கண். 1990களில் அதே தொலைநோக்கி, கரும்பொருளைத் தேடும் 'மாச்சோ' ஆய்வுக்காக இலட்சக்கணக்கான நட்சத்திரங்களை இரவிரவாகப் படம்பிடித்தது. 2003 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோனது, அது வேற கதை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஜவ்வாது மலையில் காவலூர். வேணு பாப்பு 1960களின் கடைசியில் அங்கே தொடங்கியது வெறும் 38 சென்ரிமீற்றர் தொலைநோக்கியோடு. சின்னதுதான், ஆனா சொந்தப் பட்டறையில் செய்தது. பெரிசாக ஒன்றை வாங்கி வைப்பதோடு நிறுத்தாமல், கண்ணாடி அரைக்கத் தெரிந்தவர்களை அவர் உருவாக்கினார். அதனால்தான் 2.34 மீற்றர் ஆடிக்கான கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தாலும், அதை அரைத்து மெருகேற்றியது பெங்களூரில் ஏ. பி. ஜெயராஜனின் குழு. வேலை வருடக்கணக்கில் இழுத்தது. பாப்பு 1982இல் இறந்துவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். அந்த ஆடிக்கு அலுமினியம் பூசுகிற வெற்றிட அறையும் காவலூரிலேயே இருக்கு. மங்கினா கப்பல் ஏற்ற வேண்டியதில்லை, அதே வளாகத்துக்குள் கொண்டுபோனாப் போதும்.

எங்க நாட்டில் பெரிய தொலைநோக்கி என்று சொல்வது மொரட்டுவை, ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கும் 45 சென்ரிமீற்றர் கருவியை. 1990களில் ஜப்பான் கொடுத்தது. பதுளையிலிருந்து பஸ் ஏறி அதைப் பார்க்கப் போகிறவங்க, "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்டு முடிந்த பிறகு, அதன் ஆடிக்குப் பூச்சு எங்கே போடுறாங்க, யார் போடுறாங்க என்றும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.