முகமூடி யாருக்கு? ‘மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்’ இறுதிப் பகுதி: ஒரு மறுவாசிப்பு

1969இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய ஸ்கூபி-டூ கார்ட்டூன் தொடரின் பகுத்தறிவை, 2010இல் வந்த ‘மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்’ கைவிட்டுவிட்டதாக ஒரு சாரார் எழுதிவருகின்றனர். பழைய தொடரில் பேய் என்று வந்தது வேடமிட்ட ஆசாமி. புதியதிலோ ஊருக்கடியில் மெய்யாகவே ஒரு தீய சக்தி சிறைப்பட்டுக் கிடக்கிறது. எனவே மீட்டுருவாக்கம் மூலத்துக்குத் துரோகம் இழைத்தது என்பது அவர்கள் முடிவு.

இவ்வாதம் காலவரிசையிலேயே இடறுகிறது. 1985ஆம் ஆண்டுத் தொடரில் துரத்தப்பட்டவை உண்மைப் பேய்களே. 1998இல் வந்த ‘ஸோம்பி ஐலண்ட்’ படத்தில், முகமூடி என்று நம்பி துப்பறியும் குழுவின் ஃபிரெட் பிடித்திழுக்க, பிணத்தின் தலையே கையோடு வந்துவிடுகிறது. துரோகம் என்றால் அது அப்போதே நடந்தாயிற்று. தவிர, புதிய தொடரின் களமான கிரிஸ்டல் கோவ் ஊருக்குப் பேய்தான் பிழைப்பு. மேயர் முதல், அருங்காட்சியகம் நடத்தும், குழுவில் ஒருத்தியான வெல்மாவின் பெற்றோர் வரை எவருக்கும் பிள்ளைகளின் துப்பறிதல் பிடிப்பதில்லை. பேயால் யாருக்கு ஆதாயம் என்று ஊர் முழுவதையும் விசாரிக்கும் தொடரைப் பகுத்தறிவுக்குப் புறம்பானது என்பது விந்தை.

என் கருத்து வேறுபாடு முக்கியமாக 52ஆவது பகுதியான ‘கம் அன்டன்’ (2013) பற்றியது. தீய சக்தி அழிகிறது. அது கெடுத்த வரலாறும் உடன் அழிகிறது. உலகிலேயே அதிகம் பேய் நடமாடும் இடம் என்று தன்னை விளம்பரம் செய்துகொண்ட ஊர், இப்போது உலகிலேயே அதிகம் வெயிலடிக்கும் இடம். தொடரில் முன்பே செத்துப்போன கேசிடி என்பவள் உயிரோடு இருக்கிறாள். பழைய சூத்திரத்துக்குச் சமாதானமாகத் திரும்பிய முடிவு என்றே இதைப் பலரும் படிக்கின்றனர். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அழிந்த வரலாறு நினைவிலிருப்பது நாய் ஸ்கூபி உட்படக் குழுவினர் ஐவருக்கும், தம் பாத்திரத்துக்குத் தாமே குரல் கொடுத்த எழுத்தாளர் ஹார்லன் எலிசனுக்கும் மட்டுமே. என் வாசிப்பு இந்த ஒரு தகவலை ஊன்றியே நிற்கிறது.

ஃபிரெடையே எடுத்துக்கொள்வோம். மேயர் ஜோன்ஸைத் தகப்பன் என்று நம்பி வளர்ந்தவன், முதல் பருவத்தின் முடிவில் அந்த மனிதரின் முகமூடி கழல்வதைக் காண்கிறான். கைக்குழந்தையாகத் தன்னைத் திருடியவர் அவரே என்றும் அறிகிறான். பெற்றவர்களான பிராடும் ஜூடியும் பிறகு வந்து சேர்கிறார்கள், புதையல் வெறியோடு. இறுதிப் பகுதியில் அதே இருவரும் பாசமான பெற்றோர். ஆனால் அவர்கள் வளர்த்த பிள்ளை இவனல்லன். இவன் அறிந்த பிராடும் ஜூடியும் இவர்களல்லர். அவர்களிடம் கழற்றுவதற்கு முகமூடி ஏதுமில்லை. மகன் என்ற வேடத்தில் அந்த வீட்டுக்குள் நிற்பவன் ஃபிரெட்தான். துப்பறிபவனையே வேடதாரியாக்கியது இத்தொடரின் துணிச்சல் என்று கருதுகிறேன். மீட்டுருவாக்கத்தின் பொருளும் இங்கேதான் இருக்கிறது.

எலிசன் வருகை வெறும் கேலி என்பார்கள். கேலிதான், இருந்தாலென்ன? வணிகப் பெயரைச் சேதமில்லாமல் அடுத்த தயாரிப்புக்கு ஒப்படைக்கும் உத்தி என்ற எதிர்வாதம் சற்று வலுவானது. ஆனால் உத்திக்கு மகிழ்ச்சியான ஊர் ஒன்றே போதும். அந்த மகிழ்ச்சிக்குள் ஐவரும் அந்நியராக நிற்க வேண்டிய தேவை இல்லை. அந்நியரானதால்தான் முடிவில் ஐவரும் ஊரைவிட்டு, லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் மிஸ்கடோனிக் பல்கலைக்கழகத்தை நோக்கி வேனைக் கிளப்புகிறார்கள். வழியில் மர்மங்களைத் துலக்கிக்கொண்டே போவதாகத் திட்டம்.

1969 தொடரில் சொந்த ஊரும் பெற்றோரும் கதைக்குள் எந்த வேலையும் செய்வதில்லை. அதைக் குழந்தைப் படங்களுக்குரிய வசதி என்றே எடுத்துக்கொண்டோம். அதன் முதல் பகுதியில், முழுநிலா இரவில், குழுவின் ஷாகியும் ஸ்கூபியும் சினிமா பார்த்துவிட்டு ஆளரவமற்ற சாலையில் நடந்து வருகிறார்கள். 2013க்குப் பின் அதைப் பார்க்கிறவர், அவர்களுக்காக எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று கேட்காமல் இருப்பது கடினம்.